தலை அராவிய நீலச் சஹன்

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். மகள் படித்துப் பார்த்து எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தைத் திருத்து, சொன்னதைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அகதி முகாமில் என்னோடு ஓடித் திரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நாம் சின்ன வயதில் பட்டதையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடப்போகிறோம், ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்காதவன் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன், புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஹாஜியாரின் படத்தைப் போடப்போகிறீர்களாம். நமக்கு இருக்க இடம் கொடுத்தவர், கிணறு வெட்டித் தந்தவர் என்று கீழே எழுதப்போகிறீர்களாம்.

கிணறு வெட்டித் தந்தது உண்மை. அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு நீலச் சஹனைப் பற்றியும் அதே புத்தகத்தில் இருக்கவேண்டும்.

உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடிசையின் நடு மரத்தில், கயிற்று உறியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடக்கூடிய பெரிய பீங்கான். வெள்ளையில் நீலச் சித்திரம். கூரை நுனி மேலே வளைந்த ஒரு வீடு, தொங்கும் இலைகளோடு ஒரு மரம், ஒரு பாலம், பாலத்தில் மூன்று பேர். கீழே தண்ணீரில் ஒரு படகும் படகுக்காரனும். மேலே ஆகாயத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பறவைகள். ஓரத்தைச் சுற்றி நெருக்கமாகக் கோலம். சீனாவிலிருந்து கப்பலில் வந்தது என்று உம்மா சொல்லுவார். உம்மாவின் உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்குப் பெண் போகும் சாமான். அடுத்தது ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்கள் எல்லோரையும் வெளியேற்றிய நேரம் உம்மா அதை ஓலைப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே ராத்தாவின் உடுப்புகளை அடுக்கினார். கரையில் துவக்கோடு நின்றவர்கள் பெட்டியைக் கவிழ்த்தார்கள். உம்மாவின் காதிலிருந்ததைக் கழற்றச் சொன்னார்கள். தையல் மெசினை ஒரு பக்கம் இழுத்து வைத்தார்கள். பீங்கானைப் பார்த்து, “சோத்துக் கோப்பை தானே, கொண்டு போங்க” என்றார்கள். படகில் வரும்போது உம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து அதில் ஒரு கை அளவு சேர்ந்துவிட்டது. நான் அதில் விரலை விட்டுக் கொண்டே கற்பிட்டிக் கரைக்கு வந்தேன்.

பாலத்தில் போகிற மூன்று பேரில் நடுவில் இருப்பவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். “அவரும் வீட்ட உட்டுட்டுப் போறார் போல” என்று உம்மா ஒரு நாள் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவர்களை அகதிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உறி ஆடினால் அவர்கள் நடக்கிற மாதிரி இருக்கும்.

நான் சொல்லப்போகிறது நாங்கள் எத்தாளைப் பக்கம் ஹாஜியாரின் தென்னந்தோட்டத்து முகாமுக்கு வந்து இரண்டாம் வருடம், சின்ன வெங்காயம் கிண்டுகிற காலத்தில் நடந்தது. வாப்பா ஊரில் ஓடாவி, படகு கட்டுகிறவர். இங்கே அவருக்கு மரமும் இல்லை, வேலையும் இல்லை. இடுப்பில் செருகிக் கொண்டுவந்த ஒரு முக்கோண அரம் மட்டும் மிச்சம். அதை வைத்து மற்றவர்களின் மரம் அறுக்கும் வாளும் கத்தியும் தீட்டிக் கொடுப்பார். உம்மா வெங்காயத் தோட்டத்துக்குப் போவார். அவர் திரும்பி வந்தால் குடிசை முழுக்க வெங்காய மணம். எங்களுடைய தலையணையிலும் அந்த மணம்தான்.

ராத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. உள்ளூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அது பெரிய காரியம். நாம் எல்லோரும் அப்போது ஒரே மாதிரி இருந்தோம். ஒரே கிடுகுக் கூரை, ஒரே சேலைத் திரை, ஒரே நிவாரண அரிசி. யார் எப்படிப்பட்ட குடும்பம் என்று உள்ளூர் ஆட்களுக்குத் தெரியாது. அகதி என்ற ஒரு பெயர்தான். அப்படியிருக்க ஹாஜியாரின் தங்கை, தன் மகனுக்குப் பெண் பார்க்க நம் முகாமுக்குள் வந்தார்.

வந்தவர் பாயின் ஓரத்தில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தார். உம்மா கொடுத்த தேநீரைத் தொடவில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தவர், தலையைத் தூக்கி உறியைப் பார்த்தார்.

“அல்லா! அது நீலச் சஹன் தானே?”

“ஓம் மதினி. என்ட உம்மாட உம்மா வீட்டுச் சாமான்.”

“எறக்குங்க பாப்பம்.”

உம்மா இறக்கினார். அந்த மனிசி அதை மடியில் வைத்து நகத்தால் சுண்டினார். அது கோயில் மணி மாதிரி நீளமாகக் கூவியது. அவருடைய முகம் மாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாயில் நன்றாகச் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“எங்கட வீட்டுலயும் இப்பிடி ஒண்டு இரிந்திச்சி. என்ட கலியாணத்துக்கு மாப்பிள்ளையாக்களுக்கு அதிலதான் சோறு வச்ச. பொறகு ஒடஞ்சி போச்சி. இத வச்சிருக்கிற வீட்டுப் புள்ளயப் பத்தி நான் வேற எங்கயும் போய் விசாரிக்கத் தேவல்ல. நிச்சயத்துக்கு வாறம். என்ட மகனுக்கு இந்தச் சஹன்லதான் வைக்கணும், சொல்லிட்டன்.”

சேலைத் திரைக்குப் பின்னால் ராத்தா என் காதுக்குள் கேட்டாள்: “என்னயப் பாக்க வந்தாவா, பீங்கானப் பாக்க வந்தாவா?” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என் வாயைப் பொத்தினாள்.

அடுத்த திங்கட்கிழமை ஹாஜியார் வந்தார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் இவர் சொல்தான் கடைசிச் சொல். வெள்ளைச் சாரன், அத்தர் வாசம். நம் எல்லோருடைய வாப்பாமாரும் அவரைக் கண்டால் தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைப்பார்களே, எங்கள் வாப்பாவும் அப்படியே நின்றார்.

ஹாஜியார் கதிரையில் உட்காரவில்லை. நேரே உறிக்குப் போனார். சஹனை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே இருந்த சின்ன நீல முத்திரையை நெடுநேரம் பார்த்தார். விளிம்பை விரலால் சுற்றி வந்தார். எங்கேயும் உடைவு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது ஓதுகிறார் என்று நினைத்தேன்.

“இதில உருவம் இரிக்கே” என்றார்.

உயிருள்ளவற்றின் படம் மார்க்கத்தில் கூடாது என்கிறார் என்று விளங்கி, வாப்பா குனிந்து சித்திரத்தைப் பார்த்தார்.

“மனுசன் இரிக்கான், பறவ இரிக்கி. இது தொங்குற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் எப்பிடி வருவாங்க? இதில சோத்தப் போட்டு என்ட மருமகன் கை வைக்கிறதா? தெரியாமச் செஞ்சிருப்பீங்க, பரவால்ல. என்ட கையில தாங்க. நான் கொண்டு போய் ஆழக் கடல்ல போட்டுடுறன். பாவம் ஒங்களோட இரிக்க வேணாம்.”

“பொண்டாட்டிட சாமான், ஹாஜியார். அவகிட்ட ஒரு சொல்லுக் கேக்கணும்.”

“கேளுங்க, கேளுங்க. வெள்ளிக்கிழம நிச்சயம். அதுக்கு முந்தி ஒரு முடிவ எடுங்க.”

நீங்கள் யோசித்துப் பாருங்கள். தங்கை அந்தச் சஹனில்தான் வைக்கவேண்டும் என்கிறார். அண்ணன் அது வீட்டிலேயே இருக்கக்கூடாது என்கிறார். நடுவில் எங்கள் வாப்பா, அவர்களுடைய நிலத்தில், அவர்களுடைய தென்னை மரத்துக்கு அடியில். மாப்பிள்ளையின் உம்மாவிடம் போய் இப்படி இப்படி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களே பேசித் தீர்த்திருப்பார்கள். வாப்பா போகவில்லை. ஹாஜியார் சொன்னதை அவருடைய தங்கையிடமே கோள் சொன்னது போலாகும் என்று பயந்தார். அகதிக்குப் பயம்தான் மரியாதை.

அதற்குப் பதிலாக ஆண்கள் எல்லோரும் கிணற்றடியில் கூடினார்கள். மூன்று நாள். உங்கள் வாப்பாமார், சாச்சாமார் எல்லோரும் இருந்தார்கள்.

“அதுல இரிக்கிறது மனுசன் இல்லயே, சீனாக்காரன் தானே” என்றார் ஒருவர்.

“ஏன், சீனாக்காரன் என்ன ஆடா?”

“படகில நிக்கிறவனுக்கு மூஞ்சியே இல்ல. அவன உடலாம்.”

“உட ஏலாது. மூஞ்சி இல்லாட்டியும் தலை இரிக்கி.”

கடைசியில் முகாமில் நமக்கு ஓதித் தந்த லெப்பையிடம் கேட்டார்கள். அவர் சாதுவான மனிதர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குத் தெரிந்த மட்டில் தலை இல்லாவிட்டால் அது உருவம் இல்லை, மரம் மட்டை மாதிரித்தான் என்றார். தன் சொல் இப்படியொரு வேலையில் வந்து முடியும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

வாப்பாவின் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. தலையை எடுத்துவிட்டால் ஹாஜியாருக்கும் சரி, தங்கைக்கும் சரி, சஹனும் கடலுக்குப் போகாது. ஒரே அடியில் மூன்றையும் காப்பாற்றிவிட்டதாக நினைத்தார். உம்மா மட்டும், “வேணாம். துணியால மூடி வைப்பம். மதினிட்ட நானே போய்க் கதைக்கிறன்” என்றார். “பொம்புளைகள் இதுக்குள்ள வராதீங்க” என்றார் வாப்பா.

வியாழக்கிழமை காலை உம்மா தோட்டத்துக்குப் போன பிறகு வாப்பா சஹனை இறக்கினார். சாக்கை விரித்து அதன்மேல் வைத்தார். என்னை எதிரில் உட்கார வைத்து, “ஆடாமப் புடி மகன்” என்றார்.

பீங்கானை அராவும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். பல்லின் வேருக்குள்ளே போய் உட்காரும் சத்தம். மேலே இருந்த பளபளப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அரம் வழுக்கி வழுக்கிப் போனது. வாப்பா எச்சில் தொட்டு, முனையை ஊன்றி, பிறகு தண்ணீர் சொட்டு விட்டு அராவினார். ஒவ்வொரு தலையும் பாசிப்பயறு அளவுதான். முதலில் படகுக்காரன். பிறகு பாலத்தில் முன்னால் போகிறவர். பிறகு பெட்டி தூக்கியவர். நீலம் போய், வெள்ளை போய், உள்ளேயிருந்து சொரசொரவென்று மணல் மாதிரி ஒரு குழி வந்தது. தலையில்லாத உடம்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. என் முழங்கால் இரண்டிலும் வெள்ளைத் தூள்.

ஐந்து முடிந்தது. கடைசிப் பறவைக்கு வந்தபோது வாப்பா அரத்தை என்னிடம் நீட்டினார்.

“இத நீ அராவு. ஒனக்கும் நன்ம கெடைக்கட்டும்.”

நான் அராவினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: எனக்குச் சந்தோசமாக இருந்தது. வாப்பா தன் அரத்தை அதற்கு முன்னால் எனக்குத் தந்ததே இல்லை.

பின்னேரம் உம்மா வந்தார். பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொரு குழியிலும் பெருவிரலை வைத்தார். “இவ்வளவு நேரம் இத யாரு புடிச்சிக்கொண்டிருந்த?” என்று கேட்டார். “ஒருத்தரும் இல்ல. நான் காலால அமத்திப் புடிச்சன்” என்றார் வாப்பா. எனக்காக அவர் சொன்ன ஒரே பொய் அது. ராத்தா என் முழங்காலைப் பார்த்தாள். உம்மா பார்க்குமுன் தாவணித் தலைப்பால் தூளைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தார்கள். ஆண்கள் வெளியே கூடாரத்தில், பெண்கள் குடிசைக்குள். முகாமே சேர்ந்து அரிசி போட்டு நெய்ச்சோறு ஆக்கியது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்கு அலுமினியத் தட்டு. மாப்பிள்ளை, ஹாஜியார், இன்னும் நாலு பேருக்கு நீலச் சஹன். மேலே இறைச்சியும் அச்சாறும். ஓரத்துக் கோலத்தைக் கண்டதும் ஹாஜியார் வாப்பாவைப் பார்த்தார்; வந்த ஆட்களுக்கு முன்னால் கேட்காமல் கை வைத்தார். மாப்பிள்ளை மெலிந்த, சிரித்த முகமான பொடியன். சோற்றைத் தன் பக்கத்திலிருந்து பக்கத்து ஆளுக்குத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார்.

சோறு குறையக் குறையச் சித்திரம் வெளியே வந்தது. அராவிய குழிகள் கறியைக் குடித்துக் காவி நிறமாகியிருந்தன. ஹாஜியாரின் கை நின்றது. சோற்றை ஒதுக்கினார். ஒரு குழி. இன்னும் ஒதுக்கினார். இன்னொன்று.

“இது என்ன?”

வாப்பா தண்ணீர்ச் செம்போடு குனிந்து நின்றார். பரிசு வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவருடைய முகம். “தலைய எடுத்துட்டன் ஹாஜியார். ஆறும் எடுத்தாச்சி.”

“பறவைக்குமா?”

“ஓம், பறவைக்கும்.”

ஹாஜியார் வாப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. உருவம் கூடாது என்று சொன்னவர் அவர். உருவத்தை அழித்தவரைப் பார்த்து அவர் ஏன் தன் பிள்ளையின் கழுத்தை அறுத்தவனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கவேண்டும்? “போச்சி” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். “எல்லாம் போச்சி.” கையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார்.

அவர் எழும்ப மற்றவர்களும் எழும்பினார்கள். என்னவோ ஏதோ என்று அவருடைய தங்கை உள்ளேயிருந்து வந்தார். சஹனைப் பார்த்தார்.

“யா அல்லா! தலை வெட்டின ஆக்களுக்கு நடுவுலயா என்ட மகனுக்குச் சோறு வச்ச? இது கலியாண வீடா, மையத்து வீடா? நான் எப்பிடிச் சாமானப் பாத்துட்டுப் போனன், இவங்க என்னத்தச் செஞ்சி வச்சிருக்காங்க! புத்தி உள்ள ஆக்கள் செய்ற வேலையா இது?”

அந்த நேரம் ஹாஜியார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் இதில் உருவம் இருக்கிறது என்று சொன்னேன், அதற்காகத்தான் செய்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் வாளியடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் விரலாகக் கழுவினார். என் வாப்பா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாப்பாவும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்த மண் ஹாஜியாருடையது. அவர் போ என்றால் போக எங்களுக்கு இன்னொரு மண் இல்லை. மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். மிஞ்சிய சோற்றை எறும்பு மொய்க்கும் வரைக்கும் ஒருவரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ராத்தாவைத் தேடி யாரும் வரவில்லை. தலையில்லாத பீங்கானில் சோறு வைத்த வீடு என்று கற்பிட்டி வரைக்கும் கதை போய்விட்டது. போகப் போக அவளுடைய ராசி என்றார்கள். வாப்பா அரத்தைத் தொடுவதை விட்டார், பிறகு வேலையை விட்டார், பிறகு பேச்சையும் விட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு உம்மாவோடு வெங்காயம் கிண்டப் போனேன். உம்மா சாகும்வரைக்கும் சஹனை உறியில் ஏற்றவில்லை. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். ராத்தா தையல் படித்தாள். இன்றைக்கும் புத்தளம் தில்லையடியில் என் வீட்டு முன்னறையில் இருந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். ஐம்பது வயது.

இதெல்லாம் விதி என்றுதான் நானும் இருந்தேன். யுத்தம் முடிந்த பிறகு கற்பிட்டிக் கரையில் ஹோட்டல்கள் வந்தன அல்லவா? பெரிய காற்றாடியைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அப்படி ஒரு ஹோட்டலுக்கு நான் பெயின்ற் அடிக்கப் போனேன். சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது எனக்குத் தலை சுற்றியது. சுவர் முழுக்க நீலப் பீங்கான். சஹன், தட்டு, மூடி போட்ட கிண்ணம். அதே வளைந்த கூரை, அதே பாலம், அதே மூன்று பேர். எல்லோருக்கும் தலை இருந்தது.

வேலைக்குப் போன இடத்தில் நான் கேள்வி கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டேன். மேற்பார்வை பார்த்த பொடியன் சொன்னான்: “இதெல்லாம் இங்கத்தய ஹாஜியார் ஒருத்தர் சேத்து ஹோட்டலுக்குக் குடுத்தது. சீனாச் சாமான் இல்ல, சீனாவப் பாத்து வெள்ளக்காரன் செஞ்சது. சனங்கள் உருவம் இரிக்கி எண்டு வீட்டுல வைக்கப் பயந்து அந்தக் காலத்துல சும்மாவே குடுத்துட்டாங்களாம்.”

அந்த ஹாஜியார் யாரென்று அவன் சொல்லத் தேவையில்லை. தென்னந்தோட்டத்தின் கடைசிக் குடிசையில் இருந்தவரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள். உங்கள் உம்மாவின் மூடிக் கிண்ணம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அதன் விரிசலைப் பித்தளைக் கம்பி போட்டுத் தைத்தது என் வாப்பா. அவருடைய தையல் எனக்குத் தெரியாதா? ஆழக் கடலில் போட்டேன் என்று ஹாஜியார் உங்கள் உம்மாவிடம் வந்து சொன்னாரே, உங்கள் உம்மா நிம்மதியாகத் தொழுதாரே. ஹாஜியார் கடல் என்று சொன்னது தன்னுடைய அலுமாரியை.

ஒரு மனிதன் ஒரு சாமானுக்கு ஆசைப்படலாம். தா என்று கேட்கலாம். மார்க்கத்தைச் சொல்லிப் பயங்காட்டி எடுப்பதை என்னவென்று சொல்வது? ஊரையே இழந்து வந்தவர்களுடைய கையில் மிஞ்சிய ஒரு பீங்கான்! எங்கள் வாப்பா மட்டும்தான் அவர் சொன்னதை உண்மையென்று நம்பி, அந்தச் சொல்லின்படி முழுசாக நடந்தவர். அந்தப் பார்வைக்கும் அந்தப் “போச்சி”க்கும் அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. தூரிகையை வாளிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்து கடற்கரையில் உட்கார்ந்தேன். ராத்தாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருடம் விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை. ராத்தா சஹனில் செத்தல் மிளகாயைப் பரப்பி வாசலில் வெயிலுக்கு வைத்திருந்தாள். உம்மா போன பிறகு அவள் அதைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து எல்லாவற்றுக்கும் பாவிக்கிறாள். தெருவால் போன முச்சக்கர வண்டி நின்றது. பேரன் கையைப் பிடித்து இறக்கினான். நல்லாக வயதாகிவிட்டது. காதும் கேட்காது. கண் மட்டும் பீங்கானை விட்டு அசையவில்லை.

“புள்ள, இது யார்ட சாமான்?”

“என்டதான்” என்றாள் ராத்தா, மெசினை விட்டு எழும்பாமல்.

“குடுக்கிற எண்ணம் இரிக்கா?”

“குடுத்தா மொளகாய என்ட மடியிலயா காயப் போடுற?”

பேரன் சிரித்தான். ஹாஜியார் குனிந்து மிளகாயை ஒதுக்கினார். பாலம் வந்தது. பெருவிரலை வைத்துத் தடவினார்.

“எந்த மடையன் இத அராவின?”

நான் வாசல்படியில் நின்றேன். அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. ஒரு குடும்பத்தை மண்ணாக்கியவர், அந்தக் குடும்பத்தின் வாசலில் நின்று, எந்த மடையன் என்று கேட்கிறார்.

“எங்கட வாப்பா. நீங்க சொல்லித்தான் அராவின.”

“என்ன சொல்றான்?”

என் வாழ்க்கையில் நான் பேசிய பெரிய பேச்சு அது. அவருக்குக் கேட்கவில்லை. பேரன் அவருடைய காதுக்குள் கத்தினான்: “நீங்க சொல்லித்தானாம் அராவின! இவர்ட வாப்பாவாம்!” தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் விடவில்லை. முகாம், வெள்ளிக்கிழமை, வாளியடி, ஹோட்டல் சுவர், எல்லாவற்றையும் கத்தினேன். பேரன் பாதியைச் சொன்னான், பாதியைச் சொல்ல வெட்கப்பட்டு நிறுத்திவிட்டான்.

ஹாஜியார் யோசித்தார். நினைவு வந்ததாகத் தெரியவில்லை.

“அப்பிடியா? நான் எத்தனையோ வீட்டுல சொல்லியிருக்கன் தம்பி. எல்லாரும் தந்தாங்க. இப்பிடி ஒருத்தரும் அராவல்ல.” பிறகு பெருமூச்சு விட்டார். “அராவாமத் தந்திருந்தா இது இண்டைக்கு நல்ல எடத்துல தொங்கும்.”

ராத்தா எழும்பி வந்து அவருடைய கைக்குக் கீழேயிருந்து சஹனை இழுத்தாள். மிளகாயைத் திரும்பவும் பரப்பினாள். “வெயில் போகப் போகுது, வழிய உடுங்க” என்றாள். வண்டி போய்விட்டது.

புத்தகத்தில் இந்த ஆளின் படம் வந்தால் புத்தகத்தையே எரிப்பேன் என்று கத்தினேன். ராத்தா மிளகாயைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

“அவரோட கத்திட்ட. சரி. நானும் முப்பது வருசமாக் கேக்கணும் எண்டு வச்சிருக்கிற ஒண்டு இரிக்கி. சீனாக்காரனுக்குத் தலை இரிக்கலாமா இல்லையா எண்டு மூண்டு நாள் கெணத்தடியில கூடிக் கதைச்சீங்க. வாப்பா அராவினார், நீ புடிச்சிக்கொண்டிருந்த. அந்த மாப்பிள்ள ஒனக்கு வேணுமா எண்டு என்ட கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா? நீ கேட்டியா?”

“நான் அப்ப சின்னப் புள்ள ராத்தா.”

“அப்ப சின்னப் புள்ள. பொறகு?”

ஒரு மாதமாக அந்தக் கேள்வியையே சுமந்துகொண்டு திரிந்தேன். படத்தைப் போடுகிறதென்றால் போடுங்கள், கிணறு கிணறுதான். ஆனால் இந்தப் பக்கங்களை அந்தப் படத்துக்கு எதிர்ப் பக்கத்திலேயே போடவேண்டும். இல்லாவிட்டால் என்னுடையது வேண்டாம்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, இதை எழுத உட்காருவதற்கு முன்னால், முன்னறைக்குப் போய் ராத்தாவிடம் கேட்டேன். அந்த மாப்பிள்ளை உனக்கு வேண்டுமென்று இருந்ததா என்று கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தாள். முடிச்சுப் போட்டாள்.

“ஓம்” என்றாள்.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை.